டெட்லிஃப்ட் 120-லேயே நிற்கிறதா?

கேள்வி: ஆறு மாதமாக டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்குவது) 120 கிலோவைத் தாண்டவில்லை. வாராவாரம் 122.5 போட்டுப் பார்க்கிறேன். தரையை விட்டு எழும்புகிறது, முட்டியோடு நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர் (வயது 24), கரூர்

பதில்: 'வாராவாரம் போட்டுப் பார்க்கிறேன்' என்கிறீர்களே தம்பி, சிக்கல் அங்கேதான். போட்டுப் பார்ப்பது வேறு, பயிற்சி வேறு. முதல் மூன்று வருடம் நானும் இதைத்தான் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஜிம்மில் எல்லோரும் சுற்றி நிற்க, இருப்பதிலேயே பெரிய எடை. ஒரு சனிக்கிழமை 160-ல் முதுகு வளைவது தெரிந்தும் விடாமல் இழுத்தேன். இடுப்பில் பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் செருப்பு வாரை மாட்டக்கூடக் குனிய முடியவில்லை.

அப்புறம்தான் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். எடை, எத்தனை முறை, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம். நாலு மாதம் கழித்துப் புரட்டினால், எடை இறங்கிய நாட்கள் எல்லாம் நைட் ஷிஃப்ட் வாரங்கள்! அதுவரை சாப்பாட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இரண்டு மாதம் 120 பக்கமே போகாதீர்கள். 95 கிலோவில் ஐந்தைந்தாக மூன்று செட். ஒவ்வொரு முறையும் ராடு (எடை மாட்டிய கம்பி) தரையில் முழுசாக நின்ற பிறகே அடுத்தது. துள்ளவிட்டு எடுக்க வேண்டாம். முட்டியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், ராடு காலை விட்டு முன்னால் விலகுவது. இரண்டு விரல் இடைவெளி விழுந்தாலே கீழ்முதுகுக்குப் பாரம் கூடிவிடும். ராடு காலை உரசிக்கொண்டேதான் மேலே வர வேண்டும். பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை, பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட் கூட்டினால் போதும். திணறினால் அதே எடையில் இன்னொரு வாரம் இருங்கள்.

கேள்வி: முதல் முறையாக வலுதூக்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முதல் முயற்சிக்கு எவ்வளவு எடை சொல்லலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உடம்பு சரியில்லாத நாளிலும் உங்களால் மூன்று முறை எடுக்க முடிகிற எடை. ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சிதான். ஏதாவது ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தக் கணக்கே (மூன்றிலும் எடுத்த எடைகளின் கூட்டல்) கிடையாது. தவறவிட்ட எடையைக் குறைத்துக் கேட்கவும் முடியாது. என் முதல் போட்டியில் ஆசைப்பட்டு ஸ்குவாட்டை 150-ல் ஆரம்பித்தேன். மூன்று தடவையும் எழுந்து நின்றேன், மூன்று தடவையும் சிவப்பு விளக்கு, அதாவது நடுவர்கள் ஏற்கவில்லை. இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்மட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை. மதியமே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன்.

பெஞ்சிலும் கவனம் வேண்டும். ராடு நெஞ்சில் அசையாமல் நிற்க வேண்டும், நடுவர் 'பிரஸ்' என்ற பிறகே தள்ள வேண்டும். இன்றிலிருந்தே கூடப் பயிற்சி செய்கிற ஒருவரை அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லிப் பழகுங்கள். சில நேரம் வேண்டுமென்றே தாமதமாகச் சொல்லச் சொல்லுங்கள்.