கேளுங்க சொல்றேன்: சாமி கதைய நாவலாக்கறது எப்படி?

கேள்வி: அண்ணா, எங்க ஊர் திரௌபதி அம்மன வச்சு ஒரு பக்தி நாவல் எழுதிட்டிருக்கேன். 90 பக்கம் வந்துடுச்சு. படிச்சுப் பாத்த நாத்தனார் "கோயில்ல விக்கிற தலபுராண புக் மாதிரியே இருக்கு"ங்கறாங்க. எங்க தப்பு பண்றேன்?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அந்த நாத்தனார விட்டுடாதீங்கம்மா, மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள் கிடைக்கறது கஷ்டம். நீங்க அனுப்புன அத்தியாயங்கள நானும் படிச்சேன், யாகத்தீயில அம்மன் பொறக்கறதுல ஆரம்பிச்சு வரிசையா சொல்லிட்டே போறீங்க, ஆனா படிக்கப்போறது யாரு, திருவிழா 18 நாளும் மத்தியானம் பாரதம் கேட்டு ராத்திரி கூத்து பாத்து வளந்த நம்ம சனம்தான, கதை அவங்களுக்கு மனப்பாடம். திரௌபதி வேஷம் கட்டற அந்த ஆம்பளைக்கு அன்னிக்கு மனசுக்குள்ள என்ன ஓடுதுங்கறதுதான் அவங்களுக்குத் தெரியாது.

நானா இருந்தா படுகளத்துலதான், அதான் துரியோதனன் சாகற கூத்துலதான், ஆரம்பிப்பேன். களிமண்ணுல அவ்ளோ பெருசா துரியோதனன் படுத்துக்கெடக்கான், வெயில் கொளுத்துது, பீமன் தொடையில அடிக்கிறான், ரத்தம்னு வச்ச செவப்ப எடுத்துத் தடவி திரௌபதி வேஷக்காரர் கூந்தல முடியறாரு, காலையில டீக்கடையில கடன் சொல்லிட்டு வந்த மனுஷன்தான், அவரப் பாத்துக் கெழவிங்க தலைக்குமேல கைய தூக்கிக் கும்புடுதுங்க. சாயந்தரம் தீமிதி. அது முடிஞ்சு வேஷத்தக் கலைச்சிட்டு வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட என்ன பேசுவாரு? அங்கயே நூறு பக்கம் இருக்கும்மா.

அப்புறம், எந்தப் பாரதம்னு முடிவு பண்ணிக்கோங்க. வில்லிபுத்தூரார் பாடுனது 10 பருவம், அதாவது 10 பாகம்தான், 18 பருவமும் வேணும்னா நல்லாப்பிள்ளை பாரதத்துக்குப் போகணும். மூணாவது அத்தியாயத்துல, ரத்தம் தடவாம கூந்தல முடிய மாட்டேங்கற சபதத்த "வியாசர் சொன்னபடி"ன்னு எழுதிருக்கீங்க, வியாசர்ல அந்த சபதம் கிடையாது, "கூத்துல சொல்றபடி"ன்னு போட்டாலே போதும், அதுல ஒரு கொறச்சலும் இல்ல.

கூத்து வாத்தியாருங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறதுன்னா சீசன்ல போய் நிக்காதீங்க, பாவம் தூங்கவே நேரம் இருக்காது, திருவிழாவெல்லாம் ஓஞ்சப்புறம் போனா திண்ணையில உக்காந்து பேசுவாங்க. போன்ல ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. இன்னொன்னு, உங்க அம்மன் கனவுல வந்து "பக்தையே, கேள்"ங்கறா. எங்க பாட்டி கனவுல வந்த அம்மன் "ஏண்டி, இந்த வருஷம் கூழ் ஊத்தலியா"ன்னுதான் கேட்டுச்சாம்.

கேள்வி: சாமி நாவல் எழுதறப்ப விரதம் இருக்கணுமா? கவிச்சி சாப்பிடலாமா?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அங்காளம்மனுக்கு சுடுகாட்டுல மயானக்கொள்ளை திருவிழா நடக்கற ஊர்ல இருந்துட்டு கேக்கற கேள்வியா இது! அங்காளம்மன் சாமி வந்து ஆடறவங்க கோழியக் கடிக்கிறத பாத்து வளந்துட்டு, அவளப் பத்தி எழுத தயிர்சாதம் எதுக்குங்க? விடியக்காலம் எழுந்து எழுதற ஆளா இருந்தா மட்டும் ராத்திரி பிரியாணி வேணாம், தூக்கம் அமுக்கிரும்.