மோட்டார் நுழையாத மேக்கினா: வாசகர் கேள்வி–பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே ஊரைப் பற்றியதாக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியும் ஹூரான் ஏரியும் கலக்கும் நீரிணைக்கு அருகே இருக்கும் மேக்கினா தீவுதான் அது. நானும் ஒரு கோடையில் என் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வந்தவன் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மதுரையிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். பதினொரு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆகஸ்டில் மேக்கினா தீவில் கூடாரம் அடித்து இரண்டு இரவுகள் தங்கலாம் என்று நினைக்கிறோம். சரிப்படுமா?
– வாசகி ஒருவர், நோவை, மிச்சிகன்

பதில்: தீவில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. தீவின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மாநிலப் பூங்காவாக இருந்தும், அதற்குள் எங்கும் முகாமிட முடியாது. அங்கே இரவு தங்க வேண்டுமானால் விடுதிதான். கோடையில் அதன் வாடகை குடும்பத்தையே மிரட்டும். எனவே கூடாரத்தைக் கரையில் அடித்துவிட்டு, தீவுக்குப் பகலில் படகில் போய் வருவதே நடைமுறைக்கு ஒத்தது.

கரையில் இரண்டு மாநிலப் பூங்காக்கள் உங்களுக்குப் பொருந்தும். நீரிணையைக் கடக்கும் மேக்கினா பாலத்துக்குத் தெற்கே, கரையிலுள்ள மேக்கினா சிட்டி என்ற ஊரிலிருந்து ஏறத்தாழ 11 மைல் மேற்கில், மிச்சிகன் ஏரிக் கரையில் வில்டர்னஸ் பூங்கா இருக்கிறது. பாலத்தைக் கடந்து வடக்கே போனால், செயின்ட் இக்னஸ் ஊரில் ஸ்ட்ரெய்ட்ஸ் பூங்கா. முன்னது காட்டுக்கும் கடற்கரை போன்ற மணலுக்கும் பெயர் பெற்றது. பின்னதில் 1957இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ ஐந்து மைல் நீளமுள்ள மேக்கினா பாலம் இரவில் விளக்கு மாலையோடு தெரியும். முதியவர்கள் உடன் இருப்பதால் நான் இரண்டாவதையே சொல்வேன். கடைகளும் படகுத்துறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊர்ப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் தீவின் பெயர் 'சி'யிலும் கரையிலுள்ள ஊரின் பெயர் 'டபிள்யூ'விலும் முடியும். இரண்டையும் 'மேக்கினா' என்றே உச்சரிக்க வேண்டும்.

மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதத்துக்கு முன்பே இடம் பதிவு செய்யலாம் என்பதால், ஆகஸ்ட் மாதத்து வார இறுதிகள் குளிர்காலத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. இப்போது கேட்கிறீர்கள் என்றால், வாரநாட்களைப் பாருங்கள். யாராவது ரத்து செய்த இடம் அகப்படவும் கூடும். நோவையிலிருந்து கிளம்பினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டியிருக்கும். முதல் நாள் கூடாரம் அடிப்பதிலேயே போய்விடும். இடையிலுள்ள முழு நாளைத் தீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஆகஸ்ட் என்றாலும் ஏரிக் காற்றுக்கு இரவில் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். என் தாயார் முதல் இரவு, ஸ்லீப்பிங் பேக்கின் மேல் இரண்டு போர்வை போர்த்தியும், அடியிலிருந்து ஏறிய தரைக் குளிரில் தூங்கவில்லை. மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பதே முக்கியம் என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. மாமனார், மாமியாருக்கு மடக்குக் கட்டில் எடுத்துச் செல்லுங்கள். கட்டிலின் மேலும் ஒரு கனத்த பாய் விரித்து விடுங்கள்.

கேள்வி: அங்கே உண்மையிலேயே ஒரு கார்கூட இல்லையா? இந்தக் காலத்தில் அது எப்படிச் சாத்தியம்? சுற்றுச்சூழலைக் காக்கச் செய்த ஏற்பாடா?
– வாசகர் ஒருவர், கேன்டன், மிச்சிகன்

பதில்: சுற்றுச்சூழல் என்ற சொல்லையே யாரும் பேசாத காலத்து ஏற்பாடு அது. 1898இல், குதிரை பூட்டாத வண்டிகள் ஊர் எல்லைக்குள் ஓடக் கூடாது என்று தீவின் ஊராட்சி மன்றம் தடை போட்டது. காரணம் எளியது: எஞ்சின் சத்தத்தில் குதிரைகள் மிரண்டன, குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள் முறையிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பூங்கா நிர்வாகமும் அதே தடையைப் பூங்காப் பகுதிக்கு விரித்தது. பிழைப்புக்காகப் போட்ட தடை, நூறாண்டு கடந்த பிறகு அந்த ஊரின் மூலதனமாகிவிட்டது. கார்களின் தலைநகரான டெட்ராய்ட்டைக் கொண்ட மாநிலத்திலேயே இப்படி ஓர் ஊர் இருக்கிறது என்பதை எண்ணி நான் சிரித்துக்கொள்வது உண்டு.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, காவல் வண்டி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மோட்டார் வண்டிகளும் ஓடும். மற்றபடி கோடையில் அறுநூறு குதிரைகள் வரை தீவில் வேலை செய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் படகேறி, மிச்சிகனின் வடபகுதியான மேல் தீபகற்பத்துப் பண்ணைகளுக்குப் போய்விடும். 2020 கணக்கெடுப்பின்படி ஆண்டு முழுதும் வாழ்பவர்கள் 583 பேர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், கோடையில் அந்த ஊரில் குடிமக்களுக்கு நிகராகக் குதிரைகள் இருக்கின்றன என்று சொல்லலாம்.

பெரும்பாலோர் தீவில் அமைதியைத் தேடிப் போகிறார்கள். ஆனால் காலை பத்து மணிக்கு மேல் முதன்மைத் தெருவில் அமைதி கிடையாது. அதைவிடப் பார்க்கத் தக்கது, மோட்டார் இல்லாமல் ஒரு முழு ஊர் எப்படி வேலை செய்கிறது என்பதுதான். முதல் படகில் போனால் அது தெரியும். நாங்கள் இறங்கியபோது, படகுத்துறையில் இரண்டு கனத்த குதிரைகள் பூட்டிய சுமை வண்டியில் அட்டைப் பெட்டிகளும் பால் கூடைகளும் சலவைக்குப் போகும் விடுதித் துணி மூட்டைகளும் ஏறிக்கொண்டிருந்தன. கூரியர் பொட்டலங்களும் இந்த வண்டியில்தான் வீடு சேருகின்றன. வண்டிக்காரர் கடிவாளத்தை இழுக்கவே இல்லை. மூன்றாவது கடை வாசலில் குதிரைகள் தாமாகவே நின்றன. எங்கள் ஊர்ப் பால்காரரின் மாடு வீடு வீடாக நின்று போனதை என் தாயார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

தீவைச் சுற்றிக் கரையோரமாகப் போகும் 8.2 மைல் சாலை மாநில நெடுஞ்சாலைதான். எம்-185 என்று எண்ணும் உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லாத மாநில நெடுஞ்சாலை அமெரிக்காவில் அது ஒன்றே. மேடு பள்ளம் இல்லாததால் பிள்ளைகள் சைக்கிளில் தாராளமாகச் சுற்றி வருவார்கள். சிறு குழந்தைக்குச் சைக்கிளின் பின்னே மாட்டும் இழுவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். நடுவழியில், தீவின் வடமேற்கில், பிரிட்டிஷ் லேண்டிங் என்ற இடத்தில் இளைப்பாறலாம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட 1812 போரில் பிரிட்டிஷ் படை இரவோடு இரவாக அங்கே இறங்கி, பீரங்கியை மேட்டுக்கு இழுத்துச் சென்று, அமெரிக்கர் வசமிருந்த மேக்கினா கோட்டைக்கு மேலே நிறுத்தியது. போர் மூண்ட செய்தியே எட்டியிராத அமெரிக்கத் தளபதி, சண்டையின்றி ஜூலை 17 அன்று சரணடைந்தார். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அந்த இடத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு முழங்கால் வலி. சைக்கிள் ஓட்ட மாட்டார். ஏற்றமும் ஏற மாட்டார். அவரைப் படகுத்துறையிலேயே உட்கார வைத்துவிட்டா சுற்றுவது?
– வாசகி ஒருவர், ட்ராய், மிச்சிகன்

பதில்: அப்படிச் செய்துவிடாதீர்கள், திரும்பி வரும்போது நீங்கள் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் குதிரைவண்டி ஊருக்குள்ளிருந்தே புறப்படுகிறது. முதலில் இரட்டைக் குதிரை வண்டியும், பிறகு காட்டுப் பகுதியில் மூன்று குதிரை பூட்டிய பெரிய வண்டியுமாக, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். ஆர்ச் ராக் என்ற இயற்கைச் சுண்ணாம்புக்கல் வளைவு நீர்மட்டத்துக்கு 146 அடி மேலே நிற்கிறது. கரையோரச் சாலையிலிருந்து அதை அடைய இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். வண்டியில் போனால் மேற்பக்கத்திலேயே இறங்கிப் பார்க்கலாம். 1780களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் கட்டிய மேக்கினா கோட்டைக்கும் இதே உபாயம்தான். ஊரிலிருந்து கோட்டைக்கு ஏறும் சாய்தளம் செங்குத்தானது. பின்வாசல் மேட்டின் மேலேயே இருக்கிறது. ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. ஆகவே பின்வாசல் வழியே போய்ப் பார்த்துவிட்டு, அதே வழியில் வெளியே வந்து குதிரை டாக்சியை அழைத்துவிடுங்கள். தொலைபேசியில் கூப்பிட்டால் வரும் டாக்சிதான். குதிரை பூட்டியிருக்கும் என்பதே வேறுபாடு.

வண்டியின் படி உயரமானது. ஏறும்போது ஒருவர் மேலிருந்து கைகொடுக்கவும் ஒருவர் கீழே நிற்கவும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சேலை உடுத்துபவர் என்றால் இது இன்னும் அவசியம்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? ஃபட்ஜ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?
– வாசகர் ஒருவர், டொராண்டோ

பதில்: சாலட், பீட்சா, வறுத்த உருளைக்கிழங்கு என்ற அளவில் கிடைக்கும், விலை தீவு விலை. நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்க் கோட்டைக்குக் கீழே உள்ள புல்வெளியில் சாப்பிட்டோம்.

ஃபட்ஜ் நம் பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. வெண்ணெய், சர்க்கரை, பால் அல்லது க்ரீம் எல்லாவற்றையும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிப் பதம் வந்ததும் பளிங்கு மேடையில் கொட்டுகிறார்கள். அது தேனைப் போல ஓடப் பார்க்கும். கரண்டி வடிவத் துடுப்பைக் கையில் பிடித்த ஆள் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓடுகிற ஓரத்தைத் தூக்கித் தூக்கி நடுவில் மடிப்பார். பளபளப்பு மங்கி மேனி கெட்டிப்படும் அந்த நொடியில் அதை நீளமான கட்டியாகத் திரட்டிவிட வேண்டும், பிந்தினால் பொரபொரக்கும். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்த என் தாயார், "பதம் தப்பப் போகிறது, இப்போதே எடுக்கச் சொல்" என்று என்னை இடித்துக்கொண்டே இருந்தார். இங்கு வரும் பயணிகளுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயரே 'ஃபட்ஜி' என்பதுதான். தீவிரச் சைவர்கள் வாங்குமுன் ஜெலட்டின், முட்டை சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும். ஜெலட்டின் சேர்ந்த மார்ஷ்மெல்லோ கலந்த வகைகள் உண்டு.

கேள்வி: குதிரைகளை இப்படி வேலை வாங்குவது வதை இல்லையா? தெருவெல்லாம் நாறும் என்றும் கேள்விப்பட்டேன்.
– வாசகி ஒருவர், சென்னை

பதில்: நாற்றம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வெயில் ஏறிய பின் முதன்மைத் தெருவில் லத்தி வாடையும் ஃபட்ஜ் வாசனையும் ஒன்றாகத்தான் மூக்கில் ஏறும். ஆட்கள் நாள் முழுதும் கூட்டி அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். அள்ளியது உணவுக் கழிவோடு சேர்ந்து உரமாகிறது. உங்கள் முதல் கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்லும் தகுதி உள்ளவன் அல்லன். நான் பார்த்த குதிரைகள் சதைப்பிடிப்போடு இருந்தன; வேலை நேரம் முடிந்ததும் மாற்றுக் குதிரைகளைப் பூட்டுவதையும் பார்த்தேன். கொளுத்தும் வெயிலில் நிறைந்த வண்டியை இழுத்து அவை மேடேறுவதையும் பார்த்தேன். அந்த ஏற்றத்தில் நான் இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது என்பதும் உண்மை. உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் சைக்கிளும் கால்களும் இருக்கின்றன.

கேள்வி: எங்களிடம் மின்சார சைக்கிள் இருக்கிறது. படகில் ஏற்றிக்கொண்டு போகலாமா?
– வாசகர் ஒருவர், ஆன் ஆர்பர், மிச்சிகன்

பதில்: வேண்டாம். உடல் இயலாமை உள்ளவர்களுக்கு, அதுவும் மிதித்தால் மட்டுமே உதவும் வகைக்குத்தான், அனுமதி. சாதாரண சைக்கிளைக் கட்டணம் செலுத்திப் படகில் கொண்டுபோகலாம்.

கேள்வி: வீட்டில் வெட்டிய விறகு நிறையக் கிடக்கிறது. முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போகலாமா? கரடி வருமா? குழந்தைகளுக்கு இரவில் பொழுதுபோக்கு என்ன?
– வாசகி ஒருவர், நோவை (முதல் கேள்வி கேட்டவரே)

பதில்: விறகை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆஷ் மரங்களைக் குடைந்து கொல்லும் பச்சை வண்டு 2002இல் கண்டுபிடிக்கப்பட்டதே உங்கள் தென்கிழக்கு மிச்சிகனில்தான். விறகோடு விறகாக அது ஊர் ஊராகப் பரவியது. முகாமுக்கு அருகிலேயே விறகு விற்பார்கள். நாங்கள் வழியில் ஒரு கடையில் வாங்கிய கட்டு முழுதும் ஈரம். புகையைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தால் வாங்குங்கள்.

கருங்கரடி அந்தக் காடுகளில் உண்டு. ஆனால் முகாமில் உங்கள் உணவுக்கு வரப்போவது பெரும்பாலும் ரக்கூன் என்ற சிறு விலங்குதான். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்க அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இட்லிப் பொடி உட்பட உண்ணும் பொருள் எல்லாவற்றையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்டும் வேண்டாம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். பத்து மணிக்கு மேல் முகாமில் சத்தம் கூடாது. பிள்ளைகள் விழித்திருந்தால், மேக்கினா சிட்டிக்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ள ஹெட்லண்ட்ஸ் இருள் வானப் பூங்காவுக்குப் பாலத்தைக் கடந்து காரில் போய் வரலாம். அங்கே முகாமிட முடியாது. வானம் பார்க்க இரவு முழுதும் திறந்திருக்கும். ஆகஸ்ட் 12, 13ஐ ஒட்டி நிலவு இல்லாத இரவு அமைந்தால், பெர்சீட் எரிகற்களை எண்ணிக்கொண்டே பிள்ளைகள் தூங்கிப்போவார்கள். இருளுக்குப் பழகிய கண் கூசாதிருக்க டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு போங்கள், மாமனாருக்குக் கம்பளிக் குல்லாயும் எடுத்துக்கொள்ளுங்கள்.