பியானோவில் வேகமாக வாசித்தால் முன்கை இறுகிப்போகிறது. விரல்களுக்குப் பலம் ஏற்ற என்ன பயிற்சி செய்யலாம்?

பலப் பயிற்சி வேண்டாம். ஒரு கட்டையை இறக்கச் சுமார் 50 கிராம் எடை போதும், அது இறங்கும் ஆழமும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான். சின்னப் பிள்ளையின் விரலுக்கே அந்தப் பலம் உண்டு. என்னிடம் இதே குறையோடு வருகிறவர்களில் பெரும்பாலோர், ஒலி வந்த பிறகும் கட்டையை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

கம்பியுள்ள அசல் பியானோ கிடைத்தால் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அடியைத் தொடுவதற்குச் சற்று முன் விரலில் லேசான தடை ஒன்று தட்டுப்படும். அதைத் தாண்டினால் கட்டை அடியில் போய் உட்காரும், சத்தமே வராது. சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து கழன்றுகொள்ளும் இடம் அதுதான். வாசிக்கும்போதும் கம்பியைத் தொட ஓரிரு மில்லிமீட்டர் இருக்கையிலேயே அது கழன்று, தானாகப் பறந்துபோய் அடிக்கிறது. ஆகவே அடியில் போட்டு எவ்வளவு அமுக்கினாலும் அந்த ஸ்வரம் மாறாது. ஒலி நீள, கட்டை மேலெழாதபடி விரல் சும்மா கிடந்தால் போதும்.

விரலை வலுவாக மடக்கும் தசைகள் முன்கையில்தான் இருக்கின்றன, நீட்டும் தசைகளும் அங்கேதான். வாசித்து முடித்த விரல் அமுக்கியபடி இருக்க அடுத்த விரலைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும். வேகம் கூடக் கூட அந்த இழுபறி சேர்ந்துகொண்டே போகும். உங்கள் இறுக்கம் பெரும்பாலும் இதுதான்.

சரி, என்ன செய்யலாம்? பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ மேதை ஷோபான் (Chopin) தன் மாணவர்களின் கையை இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி மேல் வைக்கச் சொன்னார். நீளமான மூன்று விரல்களும் கறுப்புக் கட்டைகளில் இயல்பாக அமரும். வலது கையை அப்படி வைத்து ஒரு ஸ்வரம் வாசியுங்கள். ஒலி வந்ததும் அமுக்குவதை விட்டுவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். தடையில்லாமல் அசைந்தால் மட்டும் அடுத்த ஸ்வரம். அப்புறம் இரண்டிரண்டாக, பிறகு ஐந்தும் சேர்த்து. மோதிர விரலை உயரத் தூக்கிப் பழக்காதீர்கள். அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பிணைந்திருக்கிறது, அவ்வளவு தனியாக எழும்பாது.

வாசிக்காதபோதும் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.