கட்டுரை எவ்வளவு கைகொடுக்கும்?

அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்கும் கட்டுரை உண்டா? – ஆத்தூர் வாசகர்

கிடையாது. வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தோடு மாணவர் தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் கட்டுரை இங்கே தேவையில்லை. 2007 முதல் பிளஸ் டூ கட்-ஆஃப் மட்டுமே. ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. ரேங்க். விண்ணப்ப விவரத்தை முதலில் படியுங்கள்.

மகளுக்கு 70 சதவீதம்தான். கட்டுரை பிரமாதமாக இருந்தால் ஹார்வர்டு கிடைக்குமா? – ஓமலூர் வாசகர்

அந்த நம்பிக்கை வேண்டாம். அங்கே 100 பேர் விண்ணப்பித்தால் 4 பேருக்குத்தான் இடம். முதலில் மதிப்பெண்ணும் எடுத்த பாடங்களும்தான். அந்தப் படியைத் தாண்டி ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கானோர் நிற்கும்போதுதான் கட்டுரைக்கு வேலை வருகிறது.

ஆலோசகர் ஒருவர் 50,000 ரூபாய்க்கு எழுதித் தருகிறாராம். கொடுக்கலாமா? – அஸ்தம்பட்டி வாசகர்

ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். வருடா வருடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகள் ஒருத்தி, விலைக்கு வாங்கிய கட்டுரையை என்னிடம் காட்டினாள். உலகத் தலைமை, மாற்றத்தின் விதை என்று பக்கம் நிறைய முழக்கம். பட்டறைக் கணக்கை எழுதுவதே அவள்தான். வெள்ளி விலை எகிறிய வாரத்தில் யார் யாருக்கு வேலை இல்லாமல் போனது என்பது அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும். அதில் ஒரு வரிகூட அந்தக் கட்டுரையில் இல்லை! சேர்க்கை அலுவலர் தேடுவது அந்தப் பெண்ணைத்தான். பணம் கொடுத்து அவளையே மறைத்துவிட்டார்கள்.

இன்னொன்று: பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாக அனுப்ப உதவும் இணையதளமான காமன் ஆப்பில் 'இது என் சொந்த எழுத்து' என்று மாணவர்தான் உறுதிமொழி தருகிறார். பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடமும் பறிபோகலாம். செயற்கை நுண்ணறிவு எழுதியதைத் தன் எழுத்தாகக் காட்டுவதையும் மோசடி என்றே அவர்கள் விதி சொல்கிறது. ஆசிரியர் எழுத்துப்பிழை திருத்தட்டும், 'இந்த இடம் புரியவில்லை' என்று சொல்லட்டும். பேனாவை மட்டும் வாங்கக் கூடாது. பெற்றோருக்கும் இதே விதிதான்.

கட்டுரை எத்தனை சொற்கள் இருக்க வேண்டும்? – ஏற்காடு வாசகர்

எந்தக் கல்லூரி என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? காமன் ஆப் என்றால் 650 சொற்கள் வரை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் என்றால் 8 கேள்விகளில் நான்குக்கு, தலா 350 சொற்களுக்குள். மறுபடியும் சொல்கிறேன், விண்ணப்ப விவரத்தை முதலில் படியுங்கள்.

அமெரிக்காவுக்கு எழுதியதையே லண்டனுக்கும் அனுப்பலாமா? – மேட்டூர் வாசகர்

கூடாது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகள். இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். பாட்டியின் மறைவும் கபடிக் கோப்பையும் அங்கே அதிகம் எடுபடாது. இயற்பியலுக்கு விண்ணப்பிப்பவர் பாடப்புத்தகத்துக்கு வெளியே இயற்பியலில் எதைப் படித்தார், அதில் எது அவரை யோசிக்க வைத்தது என்று எழுதட்டும்.