ரோம், வெனிஸ் தவிர்த்து, கணவன் மனைவி ஒரு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டுச் சுற்ற இத்தாலியில் எந்த ஊருக்குப் போகலாம்?

லூக்காவுக்குப் போங்கள். பைபிளில் வருகிற லூக்கா இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய. பீசாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், ஃபிளாரன்ஸிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நாங்கள் ஃபிளாரன்ஸில் தங்கி, மூன்று நாள் அருங்காட்சியக வரிசைகளில் நின்று கால் ஓய்ந்துபோயிருந்தோம். நாலாவது நாள் "இன்றைக்கு எங்கேயும் வரிசை கிடையாது" என்று என் கணவர் சொல்லிவிட்டார். அப்படிப் போனதுதான்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே மதில். ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், எங்கேயும் இடிந்து விடாமல் முழுசாக நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து 17-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கட்டி முடித்தார்கள். பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டும் என்று மண்ணை நிரப்பி அகலமாகக் கட்டியதால், மதிலின் மேலே மரங்களோடு ஒரு சாலையே ஓடுகிறது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை முற்றுகையிட ஒரு படையும் வரவில்லை. 1812-இல் செர்க்கியோ ஆறு பெருகி வந்தபோது கதவுகளை அடைத்து வெள்ளத்தைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அப்போது ஊரை ஆண்டவர் நெப்போலியனின் தங்கை எலிசா. அவர் வெளியே மாட்டிக்கொள்ள, கதவைத் திறந்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்று மதிலுக்கு மேலாகத் தூக்கி உள்ளே இறக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

முதல் வேலை புச்செல்லாத்தோ. சான் மிக்கேலே தேவாலயச் சதுக்கத்தில் 1881 முதல் இருக்கிற தாதேயுச்சி கடையில் கிடைக்கும். உலர்திராட்சையும் சோம்பும் போட்ட ரொட்டி. மேல்தோல் பளபளவென்று பழுப்பாக இருக்கும். லூக்காவுக்கு வந்து இதைச் சாப்பிடாதவன் லூக்காவுக்கு வரவே இல்லை என்பது அந்த ஊர்ப் பேச்சு. உண்மையைச் சொன்னால் முதல் கடியில் ஏமாற்றம்தான். டீக்கடை பன்னுக்குப் பெரியண்ணன், அவ்வளவுதானா என்று தோன்றியது. காபியில் தோய்த்த பிறகுதான் சோம்பு வாசனை எழுந்தது. அப்புறம் ஒரு முழு ரொட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டோம்.

அதே சதுக்கத்தில் தேவாலயத்தின் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். கூரையைத் தாண்டி முன்சுவர் மட்டும் தனியாக மேலே போகிறது. பின்னால் வெறும் வானம், சினிமா செட் மாதிரி. தூண்களில் ஒன்று முறுக்கியிருக்கிறது, ஒன்றில் கோலம் மாதிரி இழைத்திருக்கிறது, ஒன்று கயிற்று முடிச்சு போட்டது போல இருக்கிறது. கொஞ்சம் தள்ளி இருக்கிற கதீட்ரலில் இலாரியா என்ற இளம்பெண்ணின் பளிங்குக் கல்லறை இருக்கிறது. ஊரை ஆண்ட பாவ்லோ குயினீஜியின் மனைவி; 1405-இல் பிரசவத்துக்குப் பின் இறந்துபோனவர். தூங்குகிற மாதிரிதான் படுத்திருக்கிறார். காலடியில் ஒரு சின்ன நாய், தலையைத் தூக்கி அவர் முகத்தையே பார்க்கிறது. அந்த நாயை விட்டு நகர எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதே குடும்பத்தின் கோபுரத்தில் 200-க்கு மேற்பட்ட படிகள் ஏறினால் உச்சியில் ஓக் மரங்கள் நிற்கின்றன, மொட்டைமாடித் தோட்டம் போல. மூச்சு வாங்கும், ஆனால் ஏறுங்கள்.

இதிலெல்லாம் மயங்கி, மதியச் சாப்பாட்டைக் கோட்டைவிட்டோம். ஓர் உணவகத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிடம். சமையலறை மூடியாயிற்று, இனி ஏழு மணிக்குமேல்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

காப்பாற்றியது செச்சீனா. கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், வேறொன்றும் கிடையாது. நீர்க்கக் கரைத்து, அண்டா மூடி அளவு வட்டத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுகிறார்கள். கடைக்காரர் அகலக் கத்தியால் தட்டோடு சுரண்டி எடுத்துக் காகிதத்தில் வைத்து, மிளகைத் தாராளமாகத் தூவிக் கொடுத்தார். ஓரம் தோசை முறுகல், நடுவில் குழைவு. "பஜ்ஜி மாவை பஜ்ஜி போடாமலே வித்துட்டாங்க" என்றார் இவர். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு வாங்கியதும் அவர்தான். மதில்மேல் ஏறி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு வாடகை சைக்கிளில் மதிலை இரண்டு சுற்று. நான் சைக்கிள் ஓட்டிப் பதினைந்து வருஷம் இருக்கும். மேலே கார் வராததால் தப்பித்தேன்.

சாயங்காலம் ஆன்ஃபிதியாத்ரோ சதுக்கம். ரோமானியர் காலத்து அரங்கத்தின் வளையத்தின் மேலேயே வீடுகளைக் கட்டிவிட்டதால் சதுக்கம் முட்டை வடிவத்தில் இருக்கிறது. பார்க்க அழகு. சாப்பிட நாங்கள் பின்சந்து ஒன்றுக்குப் போனோம்.

நான் தோர்தெல்லி வாங்கினேன்: இறைச்சி அடைத்த பாஸ்தா, மேலே மறுபடி இறைச்சிக் குழம்பு. இவர் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டார், அதனால் ஃபார்ரோ சூப். நம்மூர் சம்பா கோதுமைச் சாயலில் ஒரு தானியம், பயறோடு குழைய வேகவைத்தது. கரண்டி நிற்கும் கெட்டி. இதிலும் பன்றி இறைச்சித் துணுக்கு போடுவதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். கூட வந்த ரொட்டியில் உப்பே இல்லை.

"ஏங்க, உப்பு போட மறந்துட்டாங்களா?"

"பத்தியம்னு நெனச்சுக்கோ."

லூக்கா இருக்கிற தொஸ்கானா மாநிலத்தில் ரொட்டியே அப்படித்தானாம். குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டால் சரியாக இருக்கிறது. பில்லில் தலைக்கு இவ்வளவு என்று 'கோபெர்த்தோ' சேர்த்திருப்பார்கள். அது மேஜைக்கான கட்டணம், ஏமாற்று இல்லை.

ஒரு விஷயம்: அங்கே நாம் கேட்காமல் பில் வராது. வாடிக்கையாளரை எழுப்பி அனுப்புவதுபோல் ஆகிவிடும் என்று அவர்கள் கொண்டுவருவதில்லை. தெரியாமல், இதோ வரும், இதோ வரும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ரயிலுக்கு ஓட்டம். பிளாட்பாரத்தில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே பையைத் திறந்து பார்த்தால், புச்செல்லாத்தோ நடுவில் நசுங்கிப் பட்டையாகியிருந்தது. ஃபிளாரன்ஸ் வருவதற்குள் அதில் பாதி காலி.