பஞ்சரா, புது டயரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கார் டயரில் ஆணி ஏறிவிட்டது. டியூப்லெஸ் டயர். பஞ்சர் கடையில் கழற்றாமலே வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகி ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதமாகக் காற்று இறங்கவில்லை. இது போதுமா, டயரை மாற்ற வேண்டுமா? (வாசகர், ஏர்வாடி)

பதில்: மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் இப்படியே விட்டுவிடவும் வேண்டாம். வெளியிலிருந்து செருகும் திரி, பத்திரமாக வீடு வந்து சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே. அது காற்றை நிறுத்திவிடும். ஈரத்தை நிறுத்தும் என்று நம்ப முடியாது. கார் டயரில் பட்டனுக்கு (ரோட்டில் படும், பள்ளம் வெட்டிய மேல்பகுதி) அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. ஆணி அவற்றைக் குத்திக்கொண்டுதான் உள்ளே போயிருக்கும். திரியின் ஓரமாக இறங்கும் ஈரம் அந்தக் கம்பியில் துருவை ஆரம்பித்து வைக்கும். துரு ஏறிய கம்பியை ரப்பர் பிடித்துக்கொள்ளாது. பிடிப்பு விட்ட இடம் வேகத்தில் சூடாகி, பட்டன் பட்டையாக உரிந்து வந்துவிடும். மழைத் தண்ணீரே இதைச் செய்யும் என்றால், உப்புத் தண்ணீர் தேங்கும் கடற்கரை ரோடுகளில் கேட்கவே வேண்டாம்.

இப்போதே டயரை ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லி உள்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டை பட்டனின் நடுப்பகுதியில் இருந்து, குறுக்களவு 6 மி.மீ.க்குள் இருந்தால் (பென்சிலைவிடச் சற்று மெலிது) சரிசெய்யலாம். பட்டன் முடிந்து பக்கச் சுவர் வளையத் தொடங்கும் ஓரத்திலோ, பக்கச் சுவரிலோ இருந்தால், குண்டூசி அளவு ஓட்டையானாலும் அந்த டயரை விட்டுவிடுங்கள். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த இடம் மடங்கி விரிகிறது. எந்த ஒட்டும் அங்கே நிற்காது.

சரிசெய்யும் முறையையும் நின்று கவனியுங்கள். காளான் வடிவ பேட்ச் வேண்டும். மஷ்ரூம் பேட்ச் என்று கேட்டால் கடையில் தெரியும். பழைய திரியை எடுத்துவிட்டு, ஓட்டையைத் துளைப்பானால் சீராக்க வேண்டும். உள்பக்கத்தைச் சுத்தம் செய்து, பேட்ச் உட்காரும் அளவுக்கு மட்டும் சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். கம்பி தெரியும்வரை தேய்த்தால் டயர் கெட்டது. சொல்யூஷன் தடவியதும் பளபளப்பு போய், விரலில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை சில நிமிஷம் விட வேண்டும். பெரும்பாலான ஒட்டு பிரிவது இந்த அவசரத்தால்தான். ஊதியோ லைட்டர் காட்டியோ காயவைக்க விடாதீர்கள். பிறகு காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து, பேட்சை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு உருளையால் அழுத்தி, காம்பின் மிச்சத்தைப் பட்டன் மட்டத்துக்கு வெட்ட வேண்டும். காம்பு ஓட்டையை நிரப்பி ஈரத்தைத் தடுக்கும், தலை உள்ளே காற்றைத் தடுக்கும். இரண்டும் வேண்டும்.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் டியூப் டயர். சீமைக் கருவேல முள் குத்தி ஒட்டுப் போட்டேன். இரண்டே நாளில் மறுபடி பஞ்சர். ஒட்டு சரியில்லையா? (வாசகர், உச்சிப்புளி)

பதில்: புது ஓட்டை பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குற்றம் ஒட்டில் இல்லை. முள்ளின் நுனி இன்னும் டயருக்குள் இருக்கிறது. கருவேல முள் வெளியே ஒடிந்துவிடும், நுனி ரப்பருக்குள் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. வெறும் விரலால் தடவினால் கையைக் கிழிக்கும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு இழுபட்டு நிற்கும். அங்கே டயரைப் பின்னால் வளைத்துக் குறட்டால் பிடுங்குங்கள். டியூபை மாட்டும்போது லேசாகக் காற்று ஏற்றி உருவம் வந்தபின் உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் லீவரில் கடிபடும். வால்வு அடியில் கிழிந்த டியூபுக்கு ஒட்டு வேண்டாம், புதிது வாங்குங்கள்.

கேள்வி: மீன் ஏற்றும் குட்டி யானை. டியூப்லெஸ். பின் சக்கரத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது. எங்கேயும் ஓட்டை இல்லை. டயர் மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், மண்டபம்)

பதில்: அவசரப்பட்டுக் காசு செலவழிக்காதீர்கள். டயரை அல்ல, ரிம்மைச் சந்தேகப்படுங்கள். ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பின் ரிம்மின் விளிம்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். டயரின் விளிம்பு ரிம்மோடு ஒட்டி உட்காரும் இடத்தில் துரு செதிலாகக் கிளம்பினால் அந்தச் சந்து வழியாகக் காற்று போகும். சக்கரத்தைப் படுக்கவைத்து, சோப்புத் தண்ணீரை விளிம்பைச் சுற்றிலும், வால்வு அடியிலும், வால்வு ஊசியிலும் ஊற்றி இரண்டு பக்கமும் பாருங்கள். பொடிக் குமிழி வரிசையாக எழும் இடம் தெரிந்துவிடும்.

விளிம்பிலிருந்து வந்தால் டயரைக் கழற்றி, ரிம்மைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, துரு தடுக்கும் பிரைமரும் பெயின்டும் அடித்துக் காயவிட்டு மாட்டுங்கள். அலாய் ரிம் என்றால் துருவுக்குப் பதில் வெள்ளை மாவுபோலப் பூத்திருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ரப்பர் வால்வையும் கையோடு மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை. ரிம்மில் பள்ளம் விழும் அளவு துரு தின்றிருந்தால் ரிம்தான் மாற வேண்டும். சிலர் டியூபைப் போட்டு ஓட்டச் சொல்வார்கள். பாரம் ஏற்றும் வண்டியில் வேண்டாம்: டியூபும் டயரும் உரசிச் சூடு ஏறும், வெடித்தால் காற்று ஒரே நொடியில் போய்விடும். தினமும் லோடு இறக்கியதும் பின் சக்கரங்களில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுவது இதற்கெல்லாம் பெரிய உதவி.

கேள்வி: தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஓட்டக் காற்றைக் குறைத்தோம். திரும்பும்போது நிரப்ப மறந்து பாம்பன் தாண்டிவிட்டோம். டயர் வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றி உள்ளே கையை விடுங்கள். கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டினாலோ, பக்கச் சுவரின் உள்பக்கம் சுற்றிலும் வளையமாகத் தேய்ந்த கோடு தெரிந்தாலோ, உள்ளே நூலிழை தளர்ந்துவிட்டது. ஓட்டையே இல்லாவிட்டாலும் அந்த டயர் முடிந்தது. தூளும் கோடும் இல்லையென்றால் காற்று ஏற்றி, பக்கச் சுவரில் முட்டை மாதிரி வீக்கம் எழுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். வீக்கம் வந்தால் ஸ்டெப்னியாகக்கூட வைக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு டயர் போய்விட்டது. ஒன்று மட்டும் வாங்கினால் போதுமா? கடையில் கிடக்கும் பழைய ஸ்டாக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், தொண்டி)

பதில்: ஒரே அச்சில் இருக்கும் ஜோடி டயர் அதிகம் தேயாமல் இருந்தால் ஒன்று போதும்; அதே அளவு, அதே பட்டன் அமைப்பு வாங்குங்கள். ஜோடி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டாக வாங்கி, புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காரிலும் அப்படித்தான். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உணர்ந்து வேகம் குறைக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். பட்டன் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்தால் கார் டயரில் 1.6 மி.மீ.தான் மிச்சம். அதற்குப் பிறகு பஞ்சர் ஒட்டுவதும் வீண்.

தேதிக்கு, பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு பக்கத்தில் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும். வெயிலில் வாசலில் அடுக்கி வைத்த டயரைத் தவிர்த்து, உள்ளே நிழலில் இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்.