ஜன்னல் கையில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்களுடையது சிங்கப்பூரில் 12ஆவது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சமையலறை ஜன்னல் கொஞ்ச நாளாக மூடும்போது அடிச்சட்டத்தில் உரசுகிறது. எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். 2005இலேயே ஜன்னலின் ரிவெட் ஆணி எல்லாம் மாற்றியாகிவிட்டது, அதனால் நானும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சரிதானா?
- வாசகி, தோ பாயோ

பதில்: கவலைப்பட வேண்டும் அக்கா. முதலில் அந்த ஜன்னலை மெதுவாக இழுத்து மூடிக் கொண்டி போட்டுவிடுங்கள். ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் திறக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி, கைப்பிடியில் ஒரு தாளையும் ஒட்டி வையுங்கள். மூடவே முடியாமல் உரசினால் முட்டித் தள்ளாதீர்கள், அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலுக்கு நம் வாசல் கதவுக்கு இருப்பது போன்ற கீல் கிடையாது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு உலோகக் கைகள்தான் கண்ணாடியையும் சட்டத்தையும் சேர்த்து அந்தரத்தில் தாங்குகின்றன. அந்தக் கைகளைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது சின்னச் சின்ன ரிவெட்டுகள். பழைய வீடுகளில் கை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ரிவெட் மட்டும் அலுமினியம். இந்த இரண்டு உலோகமும் ஒட்டியிருந்து நடுவில் மழைத்தண்ணீர் தங்கினால் அரிபடுவது அலுமினியம்தான், அதுவும் அகலமான ஸ்டீல் தகட்டோடு குட்டி ஆணி சேரும்போது ஆணி சீக்கிரமே கரைந்துபோகும். கரைவது வெளியே தெரியாது. ஜன்னல் வழக்கம்போலத் திறக்கும், மூடும், ஒரு நாள் காற்றடிக்கும்போது கையோடு பெயர்ந்து போய்விடும்.

ஒரு பாட்டி வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜன்னல் ஆடுகிறது என்று அவர் கைப்பிடியை ராஃபியா கயிற்றால் கிரில்லில் கட்டி வைத்திருந்தார், அதுவே போதும் என்று நம்பிக்கொண்டும் இருந்தார். மேல் கையில் இருந்த ரிவெட்டை விரலால் தடவினேன், விபூதி மாதிரி வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது, இரண்டாவது ரிவெட்டின் தலையே இல்லை. கீழே எட்டிப் பார்த்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வருகிற பாதை. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

இதனால்தான் 2004 அக்டோபர் 1 முதல், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் போட வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டமே வந்தது. மாற்றாமல் விட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பராமரிக்காமல் விட்ட ஜன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி, ஓராண்டு வரை போகும்.

நீங்கள் மாற்றியது நல்லது. ஆனால் அது ஒருமுறை செய்து மறந்துவிடும் வேலை இல்லை. ரிவெட் நன்றாக இருந்தாலும் திருகாணி தளர்ந்திருக்கலாம், கை நகரும் பள்ளத்தில் இருக்கும் சின்னக் கட்டை தேய்ந்திருக்கலாம். அப்போது சட்டத்தின் வெளி மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கும். உரசல் அப்படித்தான் ஆரம்பிக்கும். அதில் எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கும், தொங்குவது அடங்காது.

மற்ற ஜன்னல்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்களே பாருங்கள். கிரில்லைப் பூட்டியபடியே வைத்துக்கொண்டு ஜன்னலை மட்டும் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தில் மேல் கை, கீழ்க் கை இரண்டையும் பார்க்கலாம், உடம்பை வெளியே நீட்டத் தேவையே இல்லை. ரிவெட் பளபளவென்று இருந்தால் அது ஸ்டீல், மங்கிய சாம்பல் நிறமாக இருந்தால் அலுமினியமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைப் பொடி, துருக்கறை, ஆடும் திருகாணி, எது தெரிந்தாலும் அந்த ஜன்னலையும் மூடிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தூசியைத் துடைத்து, அசையும் மூட்டில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்க்கு அதுதான் இடம்.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாமே பக்கவாட்டில் தள்ளும் ஸ்லைடிங் ஜன்னல். இதில் ரிவெட் பிரச்சினை இல்லைதானே?
- வாசகர், பொங்கோல்

பதில்: ரிவெட் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை இருக்கிறது. தள்ளும் ஜன்னல் தண்டவாளத்தைவிட்டு எகிறி வெளியே விழாமல் இருக்க இரண்டு பொருள் வேண்டும். ஓரத்தில் ஒரு தடுப்புக்கட்டை, அப்புறம் சட்டத்தில் ‘ட’ வடிவத்தில் ஒரு நீளப் பட்டை. இரண்டும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். கட்டை பிளாஸ்டிக் என்றால் நம் ஊர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கலாம், சில வீடுகளில் பெயிண்ட் அடித்தபோது கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டியே இருக்க மாட்டார்கள். ஜன்னல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இழுக்கக் கஷ்டமாக இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தண்டவாளத்து மண்ணை எடுங்கள். அப்படியும் ஓடவில்லை என்றால் சக்கரம் போயிருக்கும், பலம் கொடுத்துத் தள்ளாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தீபாவளி வரப்போகிறது. ஜன்னல் கண்ணாடியை வெளிப்பக்கமும் துடைத்தால்தான் வீடு பளிச்சென்று இருக்கும். பணிப்பெண் தானே செய்துவிடுவதாகச் சொல்கிறாள். பேரனுக்கு மூன்று வயது, அவன் வேறு ஜன்னலோரமே நிற்கிறான். என்ன செய்யலாம் தம்பி?
- வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, அந்தப் பெண் ஆசையாகச் சொன்னாலும் நீங்கள் சரி என்று சொல்லக் கூடாத இடம் இது. மாடி வீட்டு ஜன்னலின் வெளிப்பக்கத்தைப் பணிப்பெண் துடைக்க வேண்டும் என்றால், கிரில் போட்டு அது துடைக்கும் நேரம் முழுக்கப் பூட்டியிருக்க வேண்டும், நீங்களோ வீட்டில் பெரியவர் ஒருவரோ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மனிதவள அமைச்சு 2012இல் கொண்டுவந்த விதி இது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துடைக்க வைக்கக் கூடாது. நாற்காலியில் ஏறி, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எட்டித் துடைத்து உயிர் போன பெண்கள் உண்டு. அவர்கள் வீட்டிலும் ஒரு தீபாவளியோ பெருநாளோ இருந்திருக்கும் அல்லவா! கண்ணாடி கொஞ்சம் மங்கலாக இருந்தால் லெட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள். கிரில் இடுக்கு வழியாக நீளக் கைப்பிடித் துடைப்பான் எட்டுகிற வரை துடைத்தால் போதும்.

பேரனுக்கு வருவோம். மூன்று வயதுப் பிள்ளை சோஃபாவில் ஏறும், அங்கிருந்து ஜன்னல் விளிம்பில் ஏறும், நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் ஏறிவிடும். சோஃபா, கட்டில், ஷூ அலமாரி எல்லாவற்றையும் ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். கிரில்லைப் பூட்டி, சாவியைப் பெரியவர்களுக்கு உடனே கிடைக்கும் இடத்தில், அவனுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். கொசுவலைத் திரையை நம்பாதீர்கள், அவன் சாய்ந்தால் அது தாங்காது.

கேள்வி: வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஜன்னலை வாடகைக்காரர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?
- வாசகர், பிடோக்

பதில்: இல்லை, பொறுப்பு வீட்டுக்காரரான உங்களுடையது. வாடகைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் சுமத்ராக் காற்று (சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து திடீரென்று வீசும் பலத்த காற்று) அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம் என்றும் அவர்களிடம் சொல்லுங்கள், வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் காற்றின் வேகம் தெரியாது.

கேள்வி: ஒருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திலிருந்து வருவதாகச் சொல்லிக் கதவைத் தட்டி, எல்லா ரிவெட்டையும் உடனே மாற்றாவிட்டால் அபராதம் என்றார். பயந்து முன்பணம் கொடுத்துவிட்டார் அம்மா. உண்மையா?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: கழகம் வீடு வீடாக ஆள் அனுப்பி ரிவெட் விற்பதில்லை. அபராதம் இருப்பது உண்மை, அந்த உண்மையை வைத்துத்தான் வயதானவர்களைப் பயமுறுத்துகிறார்கள். அவர் மீண்டும் வந்தால் பெயரையும் நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டு, கட்டட, கட்டுமான ஆணையத்தின் இணையத்தளத்தில் அங்கீகாரம் பெற்ற ஜன்னல் குத்தகையாளர் பட்டியலில் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்றால் உள்ளே விடாதீர்கள், பணம் போனதற்குப் போலிசில் புகார் கொடுங்கள்.

பட்டியலில் இருக்கும் ஒருவரையே கூப்பிட்டாலும், எந்த ரிவெட் கெட்டிருக்கிறது என்று ஜன்னல் பக்கத்தில் நின்று காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகு வேலை ஆரம்பிக்கட்டும். முடிந்ததும் கழற்றிய பழைய ரிவெட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். பளபளவென்று புதிது போல இருந்தால், எதற்காக மாற்றினார் என்று அவர் லிஃப்டில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.